ரெண்டு வரி மன்னிப்பும் சூடாகுற எஞ்சினும்

அவனை 'அவர்'னு எழுதச் சொல்லாதீங்க, எழுத மாட்டேன். மூணு வருசம் என் வயிறு எரிஞ்சதுக்கு அந்த மரியாதையையாவது குறைச்சுக்கிறேன்.

பைக்காராவுக்கும் கிளென்மார்கனுக்கும் நடுவுல கரண்டு எடுக்கத் தண்ணி தேக்கின ஏரி ஒண்ணு. அதோட ஒரு மூலையில ஒரு ரிசார்ட்காரங்க படகு ஓட்டுறாங்க. பேரு வேண்டாம். அங்க ஒன்பது வருசம் நான் மெக்கானிக். மிதி படகுல போல்ட்டு கழண்டாலும் சரி, மோட்டார் படகு நடு ஏரியில நின்னாலும் சரி, என் பேரைத்தான் கூப்பிடுவாங்க. இருந்த ஒரே ஸ்பீடு போட்டை நான் பெத்த புள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன். மரியாதை குடுக்க மாட்டேன்னு சொன்னேனே, இவன்தான் அங்க மேனேஜர். கோயமுத்தூர்ல ஏதோ ஓட்டல்ல ரூம் சாவி குடுத்துட்டு இருந்தவன், நேரா வந்து படகுக்கு நாட்டாமை ஆயிட்டான்.

மூணு வருசத்துக்கு முன்னால, மழை விட்டு கூட்டம் வர ஆரம்பிச்ச ஒரு ஞாயித்துக்கிழமை, அந்த ஸ்பீடு போட் எஞ்சின் நடு ஏரியில வெந்து போய் இறுகிக்கிச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம். அன்னிக்குச் சாயங்காலம் ஸ்டாஃப் எல்லாரையும் படகுத்துறையில வரிசையா நிக்க வெச்சு, என்னை நடுவுல விட்டு இவன் சொன்னான்: "ஒரிஜினல் இம்பெல்லரை வெளிய வித்துட்டு டூப்ளிகேட்டை மாட்டியிருக்கான். அதான் எஞ்சின் போச்சு. திருட்டுப் பய."

இம்பெல்லர்ங்கிறது கையளவு ரப்பர் சக்கரம். ஏரித்தண்ணியை இழுத்து எஞ்சினுக்குள்ள அனுப்புறது அதுதான். அது கெட்டா எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறாது, சூடு தாங்காம எஞ்சின் செத்துரும். நான் அதை மாத்தி ஒரு மாசம்கூட ஆகல. ஒரிஜினல். பெட்டியைப் பிரிச்சது இந்தக் கை. "கழட்டிப் பாருங்க சார், கழட்டிப் பார்த்துட்டுப் பேசுங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கழட்டிப் பார்க்கல. சாவிக்கொத்தை அவன் காலடியில வீசிட்டு அன்னிக்கே கிளம்பிட்டேன்.

அதுக்கப்புறம் ஊட்டியில ஒரு சந்துக்குள்ள கடை போட்டேன். தேயிலை வெட்டுற மெஷின், மருந்தடிக்கிற மெஷின், இதெல்லாம் ரிப்பேர். பொழப்பு ஓடுச்சு. ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. இந்த மலையில ஒரு சேதி கூடலூர்ல கிளம்பினா குன்னூர்ல போய் டீ குடிக்கும். குன்னூர்ல ஒரு கல்யாணத்துல என் மச்சான், என் சம்சாரத்தோட கூடப்பிறந்த அண்ணன், நாப்பது பேரு முன்னால கேட்டாப்ல: "மாப்ளே, கையில கட்டியிருக்கிற வாட்ச்சு ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" பந்தியே சிரிச்சுது. என் சம்சாரம் பாதி இலையில எந்திரிச்சு வந்துட்டா. அதுக்கப்புறம் அவ அண்ணன் ஊட்டு வாசப்படி மிதிக்கல. இவ்வளவுக்கும் காரணம் எவன்? அவன்தான். அவன் மூக்கை ஒடைக்காம விட்டா நான் மனுசனே இல்லைன்னு தினமும் ஸ்பானரைத் துடைக்கும்போது சொல்லிக்குவேன்.

இந்த வருசம் ஆயுத பூஜை லீவுக்கு நாலு நாள் முன்னால போன் வந்துச்சு.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?"

குரலு தெரிஞ்சது. தெரிஞ்சே, "ஆருங்க பேசறது?"ன்னு கேட்டேன். அவன் தன் பேரைச் சொல்லி, ரிசார்ட்டைச் சொல்லி, தான் மேனேஜர்ங்கிறதையும் சொல்ல வேண்டி வந்துச்சு. "எந்த ரிசார்ட்டுங்க?"ன்னு இன்னொரு தடவை கேட்டேன். ஆஹா, அந்த ரெண்டு நிமிசம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

விசயம் இதுதான். எஞ்சின் செத்ததுல இருந்து அந்த ஸ்பீடு போட் கரையில கவுந்தே கிடந்திருக்கு. இந்த வருசம்தான் புது எஞ்சின் வாங்கி மாட்டியிருக்காங்க. மெதுவாப் போனா ஒண்ணுமில்ல. ஃபுல் திராட்டில் குடுத்து வேகம் எடுத்தா ரெண்டாவது நிமிசம் சூடாகி, பழைய எஞ்சின்ல இல்லாத எச்சரிக்கை பஸ்ஸர் கத்துது. கம்பெனி ஆளு வந்தான், தண்ணி நிறைச்ச டிரம்முல எஞ்சினை விட்டு ஓட்டிக் காட்டி, எஞ்சின்ல கோளாறே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். கோயமுத்தூர்ல இருந்து இன்னொரு மெக்கானிக் வந்து பம்பை மாத்தினான், அப்பவும் பஸ்ஸர் கத்துச்சு. லீவுக்கு முதலாளி குடும்பத்தோட வர்றாரு, ஸ்பீடு போட்லதான் சுத்துவாரு. இவன் வேலைக்கே வேட்டு.

"வர்றேன். கூலி வேண்டாம்"னேன். "எல்லாரையும் அதே படகுத்துறையில நிக்க வெச்சு நீ ரெண்டு வரி சொல்லணும். வாட்ஸப்ல எழுதி அனுப்பறேன், மனப்பாடம் பண்ணிக்க."

அனுப்பினேன். ஒண்ணு: இவர் எந்தச் சாமானையும் திருடல. ரெண்டு: அன்னிக்கு எஞ்சின் செத்ததுக்கு இவர் காரணம் இல்லை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்துச்சு.

மறுநாள் காலையில போனேன். மஞ்சு ஏரி மேல இன்னும் கலையல. ஒன்பது பேரு வரிசையா நின்னாங்க. என்னோட வேலை பார்த்த பழைய டிரைவர் அண்ணனும் நின்னாரு. ஸ்பீடு போட்டை ஓட்டிட்டு இருந்தது அவருதான். அது போனதுக்கப்புறம் மூணு வருசமா மிதி படகுல தேங்கின மழைத்தண்ணியை மொண்டு ஊத்துற வேலையைத்தான் அவருக்குக் குடுத்திருந்தாங்களாம். இதையும் மேனேஜர் கணக்குல எழுதிக்கிட்டேன்.

அவன் சொன்னான். ஸ்கூல் பிரேயர்ல உறுதிமொழி படிக்கிற மாதிரி, என் மூஞ்சியைப் பார்க்காம, ஏரியைப் பார்த்துக்கிட்டு ரெண்டு வரியையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சான். "கேக்கல, சத்தமா"ன்னேன். மறுபடியும் சொன்னான். கேண்டீன் அக்கா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ஆனா பசி அடங்கல. இது பத்தாது, கோளாறும் இவனாலதான்னு நிரூபிச்சுட்டுத்தான் போவேன்னு மனசுக்குள்ள சபதம் போட்டேன்.

அதனால நான் கோளாறைத் தேடல. அவன் கைவரிசையைத் தேடினேன். தொழில் தெரிஞ்சவன் செய்யக் கூடாத காரியம், ஆனா செஞ்சேன்.

மொதல்ல பம்பைக் கழட்டினேன். உள்ள டூப்ளிகேட் இம்பெல்லர் இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேதான் திறந்தேன். இருந்தா அவன் மூஞ்சியில தேச்சிருப்பேன். கெரகம், புத்தம் புது ஒரிஜினல். ஒரு இதழ்கூட மடங்கல. அடுத்தது தெர்மோஸ்டாட். சூடு ஏறினதும் திறந்து தண்ணிக்கு வழி விடுற சின்ன வால்வு அது. கேண்டீனுக்குப் போய்க் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பார்க்கக் கேட்டேன். அந்த அக்கா சிலோன்ல எஸ்டேட்டுல இருந்து திரும்பி வந்த குடும்பம். "எஞ்சின் சாமானை என்ட கேத்தலுக்குள்ள போட்டீங்கண்டா அந்தத் தேத்தண்ணியை நீங்கதான் குடிக்கோணும்"னு சத்தம் போட்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய சட்டி வாங்கினேன். தண்ணியில போட்டதும் வால்வு அழகாத் திறந்துச்சு. அதுலயும் குத்தம் இல்ல. உள்ள தண்ணி போற வழியெல்லாம் காத்து அடிச்சுப் பார்த்தேன். அடைப்பே இல்ல. அவன் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்து, "என்னங்க, தெரிஞ்சுதா?"ங்கிறான். தெரியலைன்னு சொல்றதுக்குப் பதிலா ஏரியில விழுந்துரலாம்.

கடைசியில படகைத் துறையோட கயிறு போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னேன். கட்டின படகுலயே கியரைப் போட்டு, ஃபுல் திராட்டில். எஞ்சின் கத்துது, பின்னால தண்ணி கொதிக்குது, படகு மட்டும் நகரல. எஞ்சின் பக்கவாட்டுல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். உள்ள சுத்தின தண்ணி அது வழியாப் பீச்சும். எஞ்சின் மூத்திரம்னு சொல்லுவோம். அது நல்லாப் போச்சுன்னா உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். அஞ்சு நிமிசம் ஆச்சு, மூத்திரம் ஜம்முன்னு போகுது. பஸ்ஸர் சத்தமே இல்ல.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. டிரம்முல நல்லா ஓடுது. கட்டிப் போட்டாலும் நல்லா ஓடுது. ஓடுற படகுலதான் சூடாகுது. அப்ப எஞ்சின்ல ஒண்ணுமில்ல, படகு ஓடும்போது ஏதோ நடக்குது.

"கயித்தை அவுருங்ணா, ஒரு ரவுண்டு போலாம்"னேன். அண்ணன் ஓட்ட, நான் பின்னால குப்புறப் படுத்து தண்ணிக்குள்ள தொங்குற எஞ்சின் காலைப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஃபுல் திராட்டில் குடுத்ததும் படகு மூக்கைத் தூக்குச்சு. தண்ணி இழுக்குற ஓட்டைங்க, முங்கி இருக்க வேண்டியதுங்க, தண்ணிக்கு மேல வந்து வெள்ளை நுரைக்குள்ள மொதக்குது. எஞ்சின் தண்ணியைக் குடிக்கல, நுரையைக் குடிக்குது. மூத்திரம் துப்பித் துப்பி வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு. ரெண்டாவது நிமிசம் பஸ்ஸர்.

கண்டுபிடிச்சுட்டேன்! எஞ்சின் உக்கார வேண்டிய உயரத்தை விட மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். துறைக்குத் திரும்பினதும் குனிஞ்சு பார்த்தேன். எஞ்சின் தொங்குற பின்பலகைக்கு மேல ரெண்டு இன்ச் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் திருகி வெச்சிருக்கு. பாசியும் அழுக்கும் ஏறி, படகோட பலகை மாதிரியே கலர் மாறிக் கிடக்கு. கம்பெனி ஆளு அதையும் படகுன்னு நெனச்சு அது மேலயே எஞ்சினைத் தொங்க விட்டுட்டுப் போயிருக்கான்.

என் சந்தோசத்தைக் கேக்கணுமே. மேனேஜர் நிக்கிறான், ஒன்பது பேரும் நிக்கிறாங்க. இந்தா வந்துருச்சு என் நேரம்னு குரலை உசத்தினேன்: "எந்தக் கூறு கெட்டவன்யா இந்தக் கட்டையை வெச்சது? படகுன்னா என்னன்னு தெரியாத மடையன்! ஒரு எஞ்சினைக் கொல்றதுக்கு இது ஒண்ணு போதும்! இதைப் பார்க்காம ஒரு மேனேஜர் வேற!"

சொல்லிக்கிட்டே ஸ்க்ரூ டிரைவரால அழுக்கைச் சுரண்டினேன். அடியில நீலம் தெரிஞ்சுது. ஆகாச நீலம்.

எங்க ஊட்டு ஜன்னலுக்கு அடிச்ச பெயின்ட்டு. மிச்சம் இருந்ததைக் கால் டப்பா கொண்டுவந்து நான்தான் அந்தக் கட்டைக்கு அடிச்சேன், தண்ணி பட்டு உளுத்துப் போகக் கூடாதுன்னு. சில்வர் ஓக் கட்டை. எஸ்டேட்ல விழுந்த மரத்துல இருந்து நானே அறுத்தது.

பழைய எஞ்சின் செத்த அந்த வருசம் கோடையில கரண்டுக்குத் தண்ணி எடுத்து எடுத்து ஏரி கீழ இறங்கிப் போச்சு. அடியில பூரா பழைய மரத்தோட அடிமூடுங்க. ஏரி கட்டினப்ப வெட்டி விட்டதுங்க. தண்ணி இறங்கினா ப்ரொப்பெல்லர் அதுல மோதி உடையும். எஞ்சினை ரெண்டு இன்ச் தூக்கி வெச்சா மோதாது. என் மூளைதான். அண்ணன் கட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு, நான் திருகினேன். தண்ணி கம்மியா இருக்கிறப்ப எவனும் ஃபுல் திராட்டில் குடுக்க மாட்டான், அதனால சூடும் ஆகல. மழை வந்து ஏரி நெறஞ்சதும் கழட்டிடணும்னு அண்ணன்கிட்டச் சொன்னேன். மழை வந்துச்சு, ஏரி நெறஞ்சுது, கூட்டம் வந்துச்சு. நான் கழட்டல. மறந்துட்டேன். அவ்வளவுதான், வேற கதை இல்ல.

இம்பெல்லர் ஒரிஜினல்தான். நான் திருடல. ஆனா அந்த எஞ்சினைக் கொன்னது நான்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு நீலமும் தெரியும், கட்டையும் தெரியும். எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, உண்மையைச் சொல்லிடறேன், அப்பாடா தப்பிச்சோம்னுதான் தோணுச்சு. ரெண்டு பேருக்குத்தான் தெரியும், ரெண்டு பேரும் பேசலைன்னா கட்டை அடுப்புக்குப் போயிரும். அவன் சொன்ன ரெண்டு வரியும் அப்படியே நிக்கும். நாளைக்கு என் சம்சாரம் தன் கூடப்பிறந்த அண்ணன் ஊட்டுக்குத் தலை நிமிர்ந்து போவா.

மேனேஜர் சும்மா இருந்திருந்தா அதுதான் நடந்திருக்கும். அவன்தான் சும்மா இருக்க மாட்டானே. நான் கத்தினது அவனுக்கு வசதியாப் போச்சு. நேரா அண்ணன் பக்கம் திரும்பினான்.

"ஏன்யா, உன் படகுதானே? நீதானே வெச்சே?"

"நான் வெக்கலைங்க சார்."

"அப்ப ஆரு வெச்சா?"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"பாத்தியா, வாய் வரல! அப்ப அன்னிக்கு எஞ்சின் செத்ததும் உன்னாலதான்! பாவம் இவரை அனுப்பிட்டு மூணு வருசமா கமுக்கமா என் சம்பளத்தைத் தின்னுருக்கே. முதலாளி வரட்டும், உன்னை வெளிய தள்றேன். திருட்டுப் பய!"

அதே இடம், அதே வரிசை, அதே வார்த்தை. பார்க்காம, விசாரிக்காம, கழட்டாம, மறுபடியும் அதே வார்த்தை. எனக்கு நல்ல மனசெல்லாம் ஒண்ணும் பொங்கல, உண்மையைச் சொல்றேன். கோவம்தான் பொங்குச்சு. இந்த நாய்க்கு இன்னொரு ஆளைத் தின்னக் குடுக்க மாட்டேன்னு ஒரு வெறி.

"நிறுத்து"ன்னேன். "கட்டையை வெச்சது நான். மறந்தது நான். அந்த எஞ்சின் போனது என்னால. அவரு பக்கம் கையை நீட்டாத."

மேனேஜர் மூஞ்சியில மெதுவா ஒரு சிரிப்பு வந்துச்சு. அந்தச் சிரிப்பை இங்க எழுதவே எனக்குக் கை கூசுது.

"அப்ப அன்னிக்கு நான் உங்களை அனுப்பினது சரிதானுங்களே?"ன்னான். திரும்பி மத்தவங்களைப் பார்த்தான். "காலையில என்னை ஏனுங்க அந்தப் பாடு படுத்துனீங்க?"

காது மடல் எரிஞ்சுது. ஆனா விடல. "ரெண்டாவது வரியை வாபஸ் வாங்கிக்க. அது பொய். மொத வரி?"

"அதான் காலையிலயே சொன்னேனே."

"காலையில நான் எழுதிக் குடுத்ததை ஒப்பிச்சே. இம்பெல்லரைக் கழட்டிப் பார்க்காமயே என்னைத் திருடன்னே. இப்ப அவரையும் அதேதான் சொன்னே. எழுதிக் குடுக்க மாட்டேன், நீயா சொல்லு. இல்லைன்னா அந்தக் கட்டையை நீயே கழட்டிக்க."

கேண்டீன் அக்கா வாசல்ல வந்து நின்னுடுச்சு. டிக்கெட் கிழிக்கிறவரு, லைஃப் ஜாக்கெட் குடுக்கிறவரு, எல்லாரும் அவனையே பார்க்கிறாங்க. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுது. அப்புறம் என்னையும் அண்ணனையும் பார்த்து, "திருட்டுன்னு சொன்னது தப்புங்க. நான் பார்க்காமச் சொல்லிட்டேன்"னான். குரலு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. இந்தத் தடவை சத்தமாச் சொல்லுன்னு நான் கேக்கல.

"சரி, நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்"னான் அவன். "எஞ்சினுக்கு நீங்க கேக்கலீங்களே?"

கேக்கணும். நியாயம்தான். ஆனா என் வாயால அவன்கிட்டயா? செத்தாலும் வராது. யாருகிட்டக் கேக்கிறதுன்னு நெனச்சப்பத்தான் மிதி படகுல மழைத்தண்ணி மொண்டுட்டு இருந்த ஆளு ஞாபகத்துக்கு வந்தாரு. அந்த மூணு வருசத்தை அவரு தலையில கட்டினது மேனேஜர் இல்ல. காலையில அவன் கணக்குல எழுதினது என் கணக்கு.

அண்ணன் பக்கம் திரும்பினேன். "மன்னிச்சுக்குங்ணா. உங்க படகை நான்தான் கெடுத்தேன்."

அவரு ஸ்பானரை எடுத்து என் கையில குடுத்தாரு. "மழை வந்தப்பவே நான் ஞாபகப்படுத்தியிருக்கோணுங்க. நானும் மறந்துதான் போனேன்"னாரு. "கட்டையைக் கழட்டுங்க, டிக்கெட் வாங்கிட்டு ஆளுங்க நிக்கிறாங்க."